முக்கால் டேங்க் பெட்ரோல், முழங்கால் அளவு சேறு

குவீன்ஸ்டவுன் மேடும் பள்ளமுமான ஊர். எம்ஆர்டியில் வந்து இறங்கி, குளிர்சாதனக் கடைக்குள் நுழைந்து வெளியேறுபவர்களுக்கு இது தெரியாது. ஸ்டர்லிங் ரோட்டிலோ மார்கரெட் டிரைவிலோ காய்கறிப் பையோடு நடந்தவர்களின் முழங்காலுக்குத் தெரியும். குன்றுகளுக்கு நடுவே சதுப்பாகக் கிடந்த இந்தப் பள்ளத்தாக்குக்கு 1953ல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டிப் பெயர் வைத்தார்கள். சிங்கப்பூரின் முதல் துணை நகரம் இப்படித்தான் தொடங்கியது. 1956ல் எழுந்த 14 மாடி ஃபோர்ஃபார் ஹவுசை அண்ணாந்து பார்த்தவர்கள், ஹொக்கியனில் ‘சாப் சி லாவ்’, அதாவது பதினாலு மாடி என்றே கடைசிவரை அழைத்தார்கள். அது இப்போது இல்லை.

இங்கே காமன்வெல்த் அவென்யூவில் ஓர் ஓட்டுநர் தேர்வு நிலையமும் இருந்தது. அறுபது, எழுபது வயதைத் தாண்டிய எந்தச் சிங்கப்பூர் ஓட்டுநரிடமும் கேட்டுப் பாருங்கள். குவீன்ஸ்டவுன் டெஸ்ட் என்றதும் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எல்லாம் மேனுவல் கியர் வண்டிகள். ஏற்றத்தில் நிறுத்தச் சொல்வார்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஹாஃப் கிளட்ச்சில் எஞ்சினின் குரல் கனத்து இறங்கும் நொடியைப் பிடித்து, பின்னால் ஓர் அங்குலம்கூட உருளாமல் கிளம்ப வேண்டும்.

வானொலிப் பெட்டிக்குள் உட்கார்ந்து பிழைப்பவள் என்பதால் அந்த ‘குரல் கனத்து இறங்கும்’ விஷயம் எனக்குப் பிடிக்கும். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. காதாலும் உள்ளங்காலாலும்தான் அறிய வேண்டும். பாடல் அடங்க அடங்க நம் குரலை ஏற்றும்போது விரல் செய்யும் வேலையை அங்கே இடது கால் செய்கிறது. என் நண்பர்களில் பலரும் ஆட்டோ கியருக்கு மட்டுமான ‘3ஏ’ உரிமத்தோடு நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தீவு விரைவுச்சாலை நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு கொடுப்பது புத்திசாலித்தனம்தான். நான் மேனுவலுக்கான வகுப்பு 3 உரிமம் எடுத்ததற்கு எங்கள் புளோக் மாமா காரணம்.

மாமா 1970களில் இதே குவீன்ஸ்டவுனில் தேர்வு எழுதியவர். பிறந்தது குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். இங்கே வந்து நாற்பது ஆண்டு லாரி ஓட்டினார். தங்ளின் ஹால்ட்டில் குடியிருந்தார். 2014ல் அந்த வட்டாரத்துப் புளோக்குகள் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுக்குத் தேர்வானபோது புதுவீடு கிடைத்து எங்கள் பக்கம் வந்தார். வீட்டுச் சாமான்களில் பாதியைக் கொடுத்துவிட்டவர், ஒன்றை மட்டும் விடவில்லை: ஐந்து கியர், 1.3 லிட்டர் எஞ்சின் கொண்ட பழைய சுசுகி ஜிம்னி. ஆண்டுக்கு ஒருமுறை காமன்வெல்த் டிரைவ் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலில் அதற்கு எலுமிச்சம்பழம் வைப்பார். 1932ல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய கோயில் அது. ரயில் பாதை 2011ல் மூடப்பட்டு நடைபாதையாகிவிட்டது. முனீஸ்வரன் இருக்கிறார்.

வண்டியின் சிஓஇ முடிய ஒரு மாதம் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை புதுப்பித்தாயிற்று. 2023ல் அந்தச் சான்றிதழ் விலை ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியதைப் பார்த்த மாமா, “என் மூட்டுக்கும் வண்டிக்கும் ஒரே வயசும்மா, ரெண்டையும் புதுப்பிக்க முடியாது” என்றுவிட்டார். இடது முழங்காலில் தேய்மானம். கிளட்ச் மிதிக்கும் கால். அதனால்தான் கடைசி ஓட்டத்துக்கு என்னை ஓட்டச் சொன்னார். “காட்டுப் பாதையில போகணும். இங்க எங்க இருக்கு காடு? பார்க்ல ஏத்துனா சம்மன் வரும்.”

போன இடம் ஜோகூரின் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா. 1993ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மழைக்காடு. மாமாவின் தோட்டம் இருந்த திசையும் அதுதான். துவாஸ் இரண்டாவது இணைப்புப் பாலம், ஆயர் ஹீத்தாம், குளுவாங், அங்கிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் காஹாங். காஹாங்கிலிருந்து கம்போங் பெத்தா என்ற ஓராங் அஸ்லி சிற்றூர்வரை ஏறக்குறைய 56 கிலோமீட்டர் மண் பாதை. செம்பனைத் தோட்டங்களுக்குள் தொடங்கி, காட்டோரம் முடியும். நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டிக்கு அது சரிப்படாது.

பாலம் தாண்டும் முன்பே சிங்கப்பூரருக்கு ஒரு சடங்கு உண்டு. பெட்ரோல் டேங்க் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். ஜிம்னியின் டேங்கே 40 லிட்டர்தான். முள் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் மாமாவுக்குப் பதற்றம். துவாசுக்கு முந்திய நிலையத்தில் நிறுத்தி, வழியும் அளவுக்கு நிரப்பிய பிறகுதான் அவர் மூச்சு சீரானது. காட்டுக்குப் போவதற்கும் அது நல்லதாகவே போயிற்று.

காஹாங்கில் தே தாரிக் குடித்துவிட்டு, மண் பாதை தொடங்கும் இடத்தில் மாமா டயரின் காற்றை இறக்கினார். 18 பிஎஸ்ஐ வரை. டயர் சப்பையாகி மண்ணில் அகலமாகப் படியும்; வழுக்கல் குறையும். அடுத்து என் கைகளைப் பார்த்தார். கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே சுற்றிப் பிடிக்கக் கூடாதாம். கல்லில் சக்கரம் மோதினால் ஸ்டியரிங் சுண்டித் திரும்பும், விரலை உடைத்துவிடும். கார் பள்ளியில் யாரும் சொல்லித் தராத பாடம்.

ஜிம்னியில் 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலைகள். சாதாரணச் சாலையில் பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும். 4எச்சில் நான்கும் இழுக்கும். இதைத் தார்ச்சாலையில் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் உள்ளே முறுக்கேறும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி முறுக்கைத் தளர்த்திக்கொள்ளும். தாரில் அது முடியாது. 4எல் வேறு ஜாதி. எல்லாக் கியரும் ஒருபடி குறுகி, வண்டி ஆமையாகிவிடும். ஆனால் யானையின் இழுவை.

முதல் பெரிய இறக்கத்தில்தான் மேனுவல் வண்டியின் அருமை புரிந்தது. முந்தின நாள் மழையில் செம்மண் சோப்புக் கட்டி போல் இருந்தது. பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி சறுக்குமரத்தில் போவதுபோல் போகும். கிளட்ச்சை மிதித்தாலோ எஞ்சினின் பிடி விட்டுவிடும். 4எல், முதல் கியர், இரண்டு கால்களும் தரையில். இது கேட்க எளிது. கண்ணெதிரே பள்ளம் இறங்கும்போது எந்த மிதியையும் தொடாமல் உட்கார்ந்திருப்பது உடம்பின் இயல்புக்கே எதிரானது. எஞ்சின் உறுமிக்கொண்டே எங்களைப் பிடித்துப் பிடித்து இறக்கியது. “காலு சும்மா இருக்கணும். காது வேலை பார்க்கணும்” என்றார் மாமா. இருபது வருடம் தயாரிப்பாளராக இருந்தவர்கள்கூட எனக்கு இவ்வளவு சுருக்கமாகக் குறிப்பு தந்ததில்லை.

ஓர் ஏற்றத்தில் பாதியில் இழுவை போய் எஞ்சின் நின்றது. இங்கே ஊர் ஓட்டுநர் செய்வது கிளட்ச்சை மிதிப்பது. மிதித்தால் வண்டி பின்னால் ஓடும், குறுக்கே திரும்பினால் கவிழும். பிரேக்கை அழுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, அதன் பிறகே கிளட்ச்சைத் தொட்டு ரிவர்ஸ் கியர் போட்டேன். கிளட்ச்சை முழுக்க விட்டுப் பிரேக்குகளை மெதுவாகத் தளர்த்தியதும் வண்டி கியரின் பிடியில் நின்றது. எஞ்சினை உயிர்ப்பித்து, வந்த தடத்திலேயே நேராகப் பின்னிறங்கி, இரண்டாம் கியரில் சீரான வேகத்தோடு மறுபடி ஏறினோம். குவீன்ஸ்டவுன் தேர்வின் ஏற்றம்தான், தலைகீழாக.

ஓடையருகே ஓய்வெடுத்தபோது மாமாவுக்கு நான் ஒரு கதை சொன்னேன். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் ஆறு இளையர்கள் இரண்டு லேண்ட்ரோவர்களில் லண்டனிலிருந்து 1955 செப்டம்பர் 1ல் கிளம்பி, பர்மாக் காட்டையும் கடந்து, 1956 மார்ச் 6ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். சாப் சி லாவ் எழுந்துகொண்டிருந்த ஆண்டு. படம் பிடிக்க ஃபிலிம் கொடுத்தது பிபிசியின் இளம் தயாரிப்பாளர் டேவிட் அட்டன்பரோ. (ஒலிபரப்புக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை.) அந்த வண்டிகளின் முதல் இரண்டு கியர்களுக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. கிளட்ச் மிதித்து நியூட்ரல், விட்டு எஞ்சினை முடுக்கி, மறுபடி மிதித்துத்தான் கியர் இறக்க முடியும். அதே ‘ஆக்ஸ்ஃபர்ட்’ வண்டி 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி டிசம்பரில் லண்டன் சேர்ந்தது. முதல் பயணத்தில் வந்த டிம் ஸ்லெசர் மறுபடி வர ஆசைப்பட்டார். உடல்நலம் இடம் தரவில்லை. அவர் இடத்தில் பேரன் ஏறினார்.

மாமா வேறெதையும் விட்டுவிட்டு, “டபுள் கிளட்ச்சா? லாரியில நாங்களும் அப்படித்தானே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பெரியவருக்கு மூட்டா?” என்று கேட்டார்.

கம்போங் பெத்தாவுக்குச் சில கிலோமீட்டர் முன்னால், பாதை சமமாகும் இடத்தில், நிறுத்தச் சொன்னார். இறங்கி, பானெட்டைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். நான் நகர்ந்துகொண்டேன். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு அவர் மாற்றியது எனக்குக் காதிலேயே விழவில்லை. மூன்றாவதில் முகம் சுளித்தார், இடது கையால் தொடையை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டார். பேசவில்லை. ஊர் எல்லைவரை மூன்றாவதிலேயே போனோம்.

இரவு ஆற்றோரம். மறுநாள் காலை படகில் போய் ஊப்பே கூலிங் அருவிப் பாறைகளில் நீர் குடைந்த குழிகளைப் பார்த்தோம். அழகான இடம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். தனி வண்டியாகப் போகாதீர்கள். எங்களோடு இன்னும் இரண்டு வண்டிகள் வந்தன, கயிறும் மண்வெட்டியும் அவற்றில் இருந்தன.

திரும்பும்போது காஹாங் பெட்ரோல் நிலையத்தில் டயர்களுக்குக் காற்றடித்தோம். கண்ணாடிவரை செம்மண் அப்பியிருந்தது. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதே, கழுவிவிடலாமா மாமா என்றேன்.

“எதுக்கும்மா? அடுத்த மாசம் உடைக்கப் போறவன் கழுவிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மட்டும் தன் கைக்குட்டையால் துடைத்தார்.