இரண்டாம் தொடுகை

கண்புரை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்திய கண்ணில், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மூட்டம் கவிவதுண்டு. புரை திரும்ப வளர்ந்துவிட்டது என்கிறோம். உண்மையில் புரை திரும்புவதில்லை. வில்லையைத் தாங்குவதற்கென விட்டுவைத்த மெல்லிய உறையின் பின்புறத்தில், எஞ்சிய உயிரணுக்கள் பரவிப் படிவதால் உண்டாகும் மங்கல் அது. எனக்கும் வந்தது. திருப்பலி நூலின் சிவப்பு எழுத்துகள் முதலில் கரைந்தன; கறுப்பு எழுத்துகள் பின்தொடர்ந்தன. பீடத்து மெழுகுதிரிச் சுடர் பஞ்சுப்பொதிபோல் விரிந்து நின்றது.

இம்மங்கலைப்பற்றி நம் முதியோர் வாய்திறப்பதில்லை. கடன்பட்டு அறுவை செய்வித்த பிள்ளைகளிடம் இன்னும் தெரியவில்லை என்று சொல்ல நா எழுவதில்லை. பங்கில் ஒரு மூதாட்டி, "பார்வை நல்லாத்தான் இருக்கு சாமி" என்று கூறிக்கொண்டே கெபியின் படியைக் காலால் தடவித் தேடினார்.

பெத்சாய்தாவில் குணம்பெற்ற மனிதர் அப்படிப்பட்டவரல்லர். மாற்கு மட்டுமே 8-ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்துள்ள நிகழ்ச்சி அது. கைகளை வைத்தபின், பார்வை எப்படி இருக்கிறது என்று ஆண்டவரே வினவுகிறார். நன்றிக்காக எல்லாம் தெரிகிறது என்று அவர் சொல்லிவிடவில்லை. மனிதருக்கும் மரத்துக்கும் வேறுபாடு தோன்றாத தம் அரைப்பார்வையை உள்ளபடி கூறினார். கரங்கள் மறுமுறையும் அவர் கண்களைத் தொட்டன. சீடரின் விசுவாசம் படிப்படியாகத் தெளிவதற்கு இஃது அடையாளம் என்று விளக்கவுரையாளர் கூறுவர். சரியே. கண் நோயாளி படிக்கும்போதோ, குறையைச் சொன்ன அந்தத் துணிவே முன்னால் வந்து நிற்கிறது.

எனக்கு இரண்டாம் தொடுகை லேசர் ஒளியாக வந்தது. கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து, கருவியில் தாடையை ஊன்றி அமர்தல், சில சொடுக்கொலிகள். சில நிமிடங்களில் முடிந்தது. கத்தியில்லை, கட்டில்லை. உறையின் நடுவே அவ்வொளி சிறு சாளரம் திறந்துவிடுகிறது. மறுநாள் மாதாவின் மேலாடை நீலம் என்னைத் திடுக்கிட வைத்தது.

ஆயினும் கண்ணுக்குள் துணுக்குகள் மிதக்கின்றன. நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது அவ்வெண்மையின் குறுக்கே கொசுபோல் ஒன்று நகர்கிறது. நாளடைவில் குறையும் என்றார் மருத்துவர். அவை திடீரெனப் பெருகினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அன்றே வரவேண்டும், விழித்திரை விலகியிருக்கக்கூடும் என்றும் எச்சரித்தார்.

இந்தக் கொசுவைப்பற்றி அம்மூதாட்டியிடம் சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்தார். "எனக்கு உங்க முகமே தெரியறதில்ல சாமி. குரல வச்சுத்தான்" என்றார். மகனிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். தடை சொல்லவில்லை.