நெருப்பை அறிந்த பிள்ளை

தமிழர் இல்லத்தில் நெருப்புக்கு இரண்டு இடங்கள் உண்டு. பூசையறையில் அது தெய்வம்; அடுக்களையில் அது பணியாள். காலையில் விளக்காக வணங்கப்படும் அதே நெருப்பு அடுத்த நாழிகையில் உலை கொதிக்க வைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே வளரும் குழந்தைக்கு நெருப்பைப் பற்றி முதலில் கற்பிக்கப்படுவது ஒரே ஒரு பாடந்தான்: “சுடும், தொடாதே!” பாடம் தவறன்று. ஆனால், அதுவே முதலும் முடிவுமாகிவிட்டால் என்ன நேரும் என்பதைக் கேலாங்கில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தம் வாழ்வில் இருமுறை கண்டார்.

அவர் பிறந்தது லோரோங் 3இன் கம்பத்து வீடொன்றில். பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்ட வீடுகள் அங்கே ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நின்றன. மண்ணெண்ணெய் விளக்கும் கரியடுப்பும் இல்லாத வீடு இல்லை. காய்ந்த நீப்பா ஓலையில் ஒரு பொறி விழுந்தால் போதும். காற்று அதனைப் பக்கத்துக் கூரைக்குக் கொண்டு சேர்த்துவிடும். சந்துகள் குறுகியவை, தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய இயலாது. 1953ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் அவ்வட்டாரத்தில் பெருந்தீ மூண்டு ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் எழுந்த தீயோ நால்வர் உயிரைக் கொண்டது. ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவராக்கியது. இன்று வானளாவ நிற்கும் அடுக்குமாடிகளுக்கு அடியில் இத்தகைய சாம்பலும் இருக்கிறது என்பதை இளைய தலைமுறை அறிந்திருத்தல் நன்று.

1958ஆம் ஆண்டுத் தீயின்போது அவருக்கு எட்டு வயது. ஊரே கூச்சலிட்டு ஓடியபோது அச்சிறுமி ஓடவில்லை. வீட்டின் பின்புறத்திலிருந்த தண்ணீர்ப் பீப்பாய்க்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி அமர்ந்துகொண்டாள். முதல் நாள் மாலை தீப்பெட்டியை எடுத்து விளையாடியதற்காகத் தாயிடம் அடி வாங்கியிருந்தாள். வானம் சிவந்ததைக் கண்டதும் அந்தத் தீ தன்னால்தான் வந்தது என்று பிஞ்சு நெஞ்சு நம்பிவிட்டது. தாய் பெயர் சொல்லிக் கதறியது அவள் காதில் விழுந்தது. அடிக்கத்தான் அழைக்கிறாள் என்றெண்ணி வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீனர் ஒருவர் தம் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிராவிட்டால், பிற்காலத்தில் பல நூறு மாணவர்க்குத் தமிழ் சொல்லித்தர ஓர் ஆசிரியை இருந்திருக்க மாட்டார். பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்த காரணத்தை அவர் தாயிடம் இறுதிவரை சொல்லவில்லை.

ஆசிரியப் பணியில் அவர் திருத்திய கட்டுரைகளில் ‘நான் கண்ட தீ விபத்து’ என்னும் தலைப்பு ஆண்டுதோறும் வந்தது. தமிழாசிரியர் எவரும் அந்தத் தலைப்பை மறந்திருக்க இயலாது. தீ கொழுந்துவிட்டு எரியும். கரும்புகை வானை முட்டும். மக்கள் செய்வதறியாது திகைப்பர். தீயணைப்பு வீரர்கள் விரைந்து வருவர். முடிவில் அனைவரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவர். ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். நல்ல சொற்றொடர்களுக்கு மதிப்பெண் கூட்டினார். ‘உன் வீட்டில் தீப்பற்றினால் எந்த வழியாக வெளியேறுவாய்?’ என்று ஒரு மாணவனையும் அவர் கேட்டதில்லை. பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தவரே அதைக் கேட்கவில்லை என்பதுதான் வியப்பு.

அந்த வினாவை அவரிடம் எழுப்பியவன் ஏழு வயதுப் பேரன். ஒருநாள் பிற்பகல் மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றிருந்தனர். அப்பளம் பொரிக்க வாணலியில் எண்ணெயை ஏற்றிவிட்டு, வாசலில் வந்த அண்டை வீட்டு மலாய் அம்மையாருடன் அவர் பேச நின்றார். பேச்சு சற்றே நீண்டது. திரும்பியபோது அடுக்களை முழுவதும் புகை. வாணலியின் மேல் மஞ்சள் நிறத் தீ. அண்டை வீட்டம்மையார் பதறாமல் உள்ளே வந்து அடுப்பை அணைத்தார். பெரிய மூடியொன்றை வாணலியின் மேல் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடினார். தீ அடங்கிற்று. சுவரில் கரி படிந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. ஆனால், பேரனைக் காணவில்லை.

கட்டிலின் அடியிலும் இல்லை, குளியலறையிலும் இல்லை. பெயர் சொல்லி அழைத்தும் பதில் இல்லை. அவனுடைய தாயின் துணி அலமாரியைத் திறந்தபோது, புடவைகளுக்கு இடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் அமர்ந்திருந்தான்.

“கூப்பிட்டேனே, ஏன் ஐயா பேசவில்லை?” என்று நடுங்கும் குரலில் கேட்டார்.

“நான்தான் அடுப்பைப் பெரிசாத் திருப்பினேன், பாட்டி. அடிப்பீங்கன்னு நினைச்சேன்.”

அறுபது ஆண்டுகளுக்கு முன்பு பீப்பாயின் பின்னே ஒளிந்த சிறுமி அந்த அலமாரியிலிருந்து தம்மைப் பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. கூரை மாறியது, அடுப்பு மாறியது, ஊரே மாறியது. பிள்ளைக்குக் கொடுத்த பாடம் மட்டும் மாறவில்லை. நெருப்பை அஞ்சக் கற்பித்ததாகப் பெரியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பிள்ளை கற்றுக்கொள்வது பெரியவர்களை அஞ்சுவதையே. அஞ்சிய பிள்ளை தீயைவிட்டு ஓடுவதில்லை, ஒளிந்துகொள்கிறது. ஒளிந்த பிள்ளையைப் புகை எளிதில் கண்டுபிடித்துவிடும். தேடி வருவோர் கண்டுபிடிக்கக் காலம் ஆகும்.

அன்றிரவு அவர் பேரனை மடியில் அமர்த்தி முதலில் ஒரு வாக்குறுதி தந்தார். தீ யாரால் வந்தாலும் அதற்காக அவனை ஒருவரும் அடிக்கமாட்டார்கள். வெளியே ஓடி வந்து சொல்லவேண்டியது மட்டுமே அவன் கடமை. அடுத்து, தம் கதையை, அறுபதாண்டு மறைத்த கதையை, அவனிடம் சொன்னார். பிறகுதான் பாடம் தொடங்கிற்று.

எரியும் எண்ணெயில் நீர் ஊற்றலாகாது என்பதை வெறும் கட்டளையாக அவர் கூறவில்லை. நீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் இறங்கிக் கொதிப்பில் நொடியில் ஆவியாகும். ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை மேலே வீசியெறியும். காரணம் அறிந்த பிள்ளை கட்டளையை மறப்பதில்லை. எனினும் தீயை அணைப்பது பெரியவர் வேலை, வெளியேறுவதே சிறுவர் வேலை என்பதையும் அழுத்திச் சொன்னார். புகை மேலே எழுவதால் தரையை ஒட்டிய காற்றே தெளிவாக இருக்கும். எனவே தவழ்ந்து செல்லவேண்டும். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். சுட்டால் திறக்கக் கூடாது. வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு வந்தால் தீயின் வேகம் தணியும். மின்தூக்கியைத் தொடாமல் படிக்கட்டில் இறங்கவேண்டும். ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருளவேண்டும். கீழே வந்தபின் 995 என்ற எண்ணை அழைத்து, புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் கூறவேண்டும்.

இவற்றைச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் திகைத்து நின்றார். வாசலின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. சாவி, பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஆணியில் தொங்கியது! திருடனுக்கு அஞ்சி மாட்டிய பூட்டு, தீக்காலத்தில் பிள்ளைக்குச் சிறைக்கதவாகும். அன்றே ஆணி கீழிறங்கியது. ஒரே செருகியில் ஐந்தாறு மின்கம்பிகள் நெருங்கி நின்றதும் அன்றுதான் அவர் கண்ணுக்குப் பட்டது. 2018ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்துவது சிங்கப்பூரில் கட்டாயம். அவருடையது பழைய வீடு. எனினும் மகனிடம் சொல்லி ஒன்றை வாங்கி மாட்டச் செய்தார்.

அடுத்த விடுமுறையில் பேரனை ஹில் ஸ்திரீட்டிலுள்ள மத்திய தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். 1908ஆம் ஆண்டில் எழுந்த அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டடத்தின் காட்சிக்கூடத்தில் பழைய தீயணைப்பு வண்டிகளைவிட அவர் காட்ட விரும்பியது வேறொன்று. முகமூடியும் காற்றுக்குப்பியும் தலைக்கவசமும் அணிந்த வீரர், புகையினூடே வரும்போது பூதம் போலவே தோன்றுவார், மூச்சொலியும் அச்சுறுத்தும். அவரைக் கண்டு ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. அந்த முகமூடிக்குள் இருப்பவர் காக்க வந்த மனிதர் என்று பிள்ளை முன்பே அறிந்திருக்கவேண்டும்.

அரசரைச் சார்ந்து வாழ்வோர்க்கு வள்ளுவர் குளிர்காய்பவரை உவமை காட்டினார். மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருக்கும் அந்தப் பக்குவம் நெருப்போடு வாழும் பிள்ளைக்கு இன்னும் பொருந்தும். நெருங்கிய பிள்ளை சுட்டுக்கொள்ளும். முற்றிலும் விலக்கி வைக்கப்பட்ட பிள்ளையோ தீயின் இயல்பை அறியாமலே வளரும்.

ஒரு ஞாயிறு மாலை வீட்டில் ஒத்திகை நடந்தது. அவர் ‘தீ!’ என்று குரல் கொடுத்ததும் பேரன் தவழ்ந்து வந்தான், புறங்கையால் கதவைத் தொட்டான், சாவியை எடுத்தான், படிகளில் இறங்கி, குறித்துவைத்த விளையாட்டுத் திடலின் ஊஞ்சலருகே சென்று நின்றான். பாட்டி இரண்டு நிமிடம் கழித்தே வந்து சேர்ந்தார். அவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான்.

“பாட்டி, நீங்க மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பிப் போனீங்க. எதுக்கும் திரும்பிப் போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஆசிரியை தம் தவற்றை ஒப்புக்கொண்டார். இத்தனை ஆண்டுப் பணியில் எந்த மாணவனும் தம் பாடத்தை அவ்வளவு நன்றாகத் திருப்பிச் சொன்னதில்லை என்று அவர் மனம் நிறைந்தது. ‘நான் கண்ட தீ விபத்து’ இனியும் வகுப்பறைகளில் எழுதப்படும். எழுதட்டும். எழுதி முடித்த பிள்ளையிடம் ஆசிரியர் ஒரு வினாவை மட்டும் கேட்டு வைக்கலாம்: “உன் வீட்டுச் சாவி எங்கே தொங்குகிறது?”