மடியில் இருக்கும் அமானிதம்

மண்ணூரைச் சுற்றி வாழும் எங்களுக்குக் கார் புதிதன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் கார்களை மோதவிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கூடமே உண்டு. ஆயினும் ஜும்ஆவுக்கோ வலீமாவுக்கோ புறப்படும் வண்டிகளைக் கவனியுங்கள். ஓட்டும் அத்தா வார் அணிந்திருப்பார். பிள்ளை முன்னிருக்கையில் அம்மாவின் மடியில் இருக்கும்.

2023இல் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீடு பெரியவர்க்கும் குழந்தைக்கும் தனித்தனியே நட்சத்திரம் தருகிறது. விளம்பரத்தில் அதைப் பார்த்து மனநிறைவு கொள்கிறோம். அந்த நட்சத்திரமோ குழந்தை இருக்கையில் கட்டிவைத்த பொம்மையைக் கொண்டு அளந்தது. மடிப் பிள்ளைக்கு அது பொருந்தாது. மோதும் கணத்தில் பிள்ளையின் எடை பல மடங்காகக் கைகளை இழுக்கும். எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த இயலாது. பெரியவரைக் காக்க விரியும் காற்றுப்பையே முன்னிருக்கைக் குழந்தையைக் கொல்லக்கூடும்.

2019 திருத்தச் சட்டம், 14 வயதுக்குட்பட்டோரை வாரோ தக்க இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வோருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அதைவிடப் பெரிய விசாரணை நமக்குண்டு; பிள்ளைகள் அமானிதம் அல்லவா?

“அல்லாஹ் காப்பான்” என்பார் சிலர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது திர்மிதியில் பதிவாகியிருக்கிறது.

எங்கள் இல்லத்தில் பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தியுள்ளோம். பேரன் இரண்டு நாள் அழுது பழகிவிட்டான். மடி காலியாகிவிட்டதென்று நன்னிமாவுக்குத்தான் இன்னும் மனக்குறை.