பழைய சைக்கிளின் விலை யாது?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி ஓராண்டேனும் ஏறிச் சென்றவர் எவரும் இதன் உண்மையை மறுக்கத் துணியார். விற்பவன் வாய் திறந்து சொல்வது சுண்டைக்காயின் விலை மாத்திரமே. சுமைகூலி எவ்வளவு என்பதை வண்டிதான் பின்னர் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும். வெளியூர்களினின்றும் நமது கல்லூரிக்கு வரும் மாணவருட் பலர் இத்தகைய வண்டிகளையே நம்பியிருத்தலின், என் அநுபவத்திற் கண்ட சிலவற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

எங்கள் கிராமம் கல்லூரிக்கு 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாலையில் ஆய்வுக்கூடப் பயிற்சி முடியுமுன்னரே எங்களூர் பஸ் புறப்பட்டுவிடும். மேல்நிலைப் பள்ளியில் யான் பயின்ற காலத்து அரசாங்கத்தார் இலவசமாக அளித்த சைக்கிள் ஒன்று உண்டு. ஆயின், அஃது இப்பொழுது என் தங்கையைப் பள்ளிக்குச் சுமந்து செல்கின்றது. எனவே, என் தந்தையார் வெள்ளாட்டுக் குட்டி ஒன்றை 4,000 ரூபாய்க்கு விற்று, 2,000 ரூபாயில் பழைய வண்டி ஒன்றை எனக்கு வாங்கித் தந்தார். மிஞ்சிய 2,000 ரூபாயைத் துணியில் முடிந்து அன்னையாரிடம் கொடுத்து, "இதை வீட்டுச் செலவுக்கு எடுக்காதே, வண்டி கேட்கும்" என்றார். பள்ளிக்கூடம் சென்றறியாத அவர் சொல்லின் பொருளை அடுத்த ஆறு திங்களும் எனக்கு நன்கு விளக்கின.

வண்டி முதலிற் கேட்டது சங்கிலி. புதுச் சங்கிலியில் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இடையே அரை அங்குலம்; ஆதலின் 24 கண்ணிகள் சேர்ந்து சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். எங்கள் வண்டியில் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அரைக்கால் அங்குலம் மிகுந்திருந்தது. இவ்வாறு தேய்ந்த சங்கிலி தான் மாத்திரம் கெடுவதன்று; தன்னோடு பொருந்தும் பற்சக்கரங்களையும் அரித்துவிடுகின்றது. புதுச் சங்கிலியை மாட்டியவுடன், அது தேய்ந்த பற்களிற் படியாது மிதிக்குந்தோறும் வழுவித் துள்ளிற்று. ஆகவே பிரீவீலை மாற்ற நேர்ந்தது. பின்னர்ப் பெடலருகிலுள்ள பெரிய பற்சக்கரத்தையும் மாற்ற நேர்ந்தது. அதனைக் கழற்றுதற்குக் கோட்டர் ஆணியைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றினர். அடியுண்டு நசுங்கிய ஆணி மீண்டும் உதவாமையின் அதற்கும் காசு. 150 ரூபாயில் முடியவேண்டிய வேலை 700 ரூபாயில் முடிந்தது. பழைய வண்டியில் ஒரு புதிய உறுப்பு நுழையுமாயின், அது தன் சுற்றத்தாரையும் உடனழைக்கும் என்று அன்று கண்டேன்.

அடுத்தது டயர். ரப்பர் ஓடித் தேய்வதனால் மட்டுமே கெடுவதன்று. வெயிலிலும் காற்றிலும் நாட்பட நிற்பதனாலும் வறண்டு வெடிக்கும். நவம்பர்த் திங்களில் ஒரு நாட்காலை, புறத்தே கறுத்துப் பளபளத்த பின் டயர் நடுவழியில் வெடித்தது. அன்று எங்களுக்கு மாதிரித் தேர்வு. வண்டியைத் தள்ளிக்கொண்டு 5 கிலோமீட்டர் நடந்து தேர்வறையை அடைந்தபோது ஒரு மணி நேரம் கழிந்திருந்தது. விடை தெரிந்தும் மூன்று வினாக்களைத் தொட முடியவில்லை. மாலையில் டயரைக் கழற்றிய பின்னரே ரிம்மின் உட்புறத்துத் துருவும், கம்பிகள் சில இற்றிருந்ததும் தென்பட்டன.

இச்செலவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். சங்கிலியும் அதன் சுற்றமும் 700 ரூபாய்; டயரும் டியூபும் இரண்டிரண்டு 800; ரிம், கம்பி, கோட்டம் எடுத்த கூலி 500; பிரேக் கட்டை, குண்டுகள், எண்ணெய் 150; ஆகத் தொகை 2,150. வாங்கிய விலையினும் 150 ரூபாய் அதிகம். இழந்த அந்த ஒரு மணி நேரத்தை எழுதுதற்கு மட்டும் குறிப்பேட்டில் இடமில்லை.

ஈண்டுக் கருதத் தக்கது தொகையின் பெருக்கம் அன்று. புதிய வண்டி வாங்குவோன் தான் குறித்த நாளில், ஒரே முறையில் விலையைச் செலுத்திவிடுகின்றான். பழைய வண்டியின் விலையோ தவணை தவணையாகச் செலுத்தப்படுவது. தவணை நாளைக் குறிப்பதும் நாமல்லேம், வண்டியே. அந்நாளிற் கையில் காசில்லாதவன் வண்டியைச் சுவரிற் சாத்துகின்றான். வண்டியோடு படிப்பும் நின்றுவிடுகின்றது. அங்ஙனம் சாத்திய வண்டியால் வருகை நாட்கள் குறைந்து, ஒரு பருவத் தேர்வையே எழுத இயலாது போன நண்பர் ஒருவரை யான் அறிவேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு டயரின் விலையே. மலிவான பொருள் ஏழைக்கே மிகுந்த விலையுடையதாகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும், வரவுப் பக்கமும் வெறுமையாக இல்லை. சைக்கிள் கடைப் பெரியவர் ஒருவர் ஞாயிறுதோறும் என்னை அருகிருத்திப் பஞ்சர் ஒட்டவும், கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுக்கவும் பழக்கினார். இப்பொழுது வண்டி ஒழுங்காக ஓடுகின்றது. சிறு வேலைகளுக்குக் கூலியும் இல்லை.

இவ்வாண்டு புதிதாக வண்டி வாங்கக் கருதும் நண்பர்களுக்குச் சில சொற்கள். சாயத்தின் பளபளப்பைப் பாராதீர்கள், கைப்பிடிக்குக் கீழே குழாய்கள் கூடுமிடத்தில் சாயம் சுருங்கியிருப்பின், வண்டி எங்கேனும் மோதியிருத்தல் கூடும், அதனை விட்டொழியுங்கள். சங்கிலிக்கு அளவுகோல் வையுங்கள். சட்டத்திற் பொறித்த எண்ணைக் குறித்து, விற்பவரிடம் கையொப்பமிட்ட சீட்டுப் பெறுங்கள். திருட்டு வண்டியினும் விலைமிக்க வண்டி வேறில்லை. இவையனைத்தும் செய்த பின்னரும், கொடுத்த விலைக்கு ஒத்த தொகையொன்றைத் தனியே வைத்திருங்கள். இரண்டும் சேர்ந்ததே பழைய சைக்கிளின் விலை.