பூட்டு எங்கே?

போன வருஷம் ஆவணியில் என் பெரியப்பா மகன் காலமானார். வயசு 72. நங்கநல்லூரில் காலை வாக்கிங் போய்விட்டு வந்தவர், 'காபி கொண்டா' என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார். காபி வருவதற்குள் போய்விட்டார். 'நல்ல சாவு' என்றார்கள் வந்தவர்கள் எல்லோரும். அவருக்கு நல்ல சாவுதான். அதற்கப்புறம் அண்ணிதான் ஆறு மாதம் படாத பாடு பட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணியிடமிருந்து போன். "தம்பி, நீங்கதானே கம்ப்யூட்டர் ஆளு. ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். எதை எங்கே வெச்சிருக்கார்னு எனக்கு ஒண்ணுமே தெரியல."

போனேன். அண்ணன் படத்துக்கு மாலை போட்டு, கீழே விளக்கு ஏற்றி, விளக்குக்குப் பக்கத்தில் அவருடைய செல்போனையும் வைத்திருந்தார்கள். சார்ஜரோடு. நான் உட்கார்ந்திருந்தபோதே அது இரண்டு முறை 'டிங்' என்றது. கரண்ட் பில் கட்டச் சொல்லி ஒன்று. பாலிசி பிரீமியம் நெருங்குகிறது என்று இன்னொன்று. எந்தப் பாலிசி? முதல் வரி மட்டும் தெரிந்தது. மீதியைப் படிக்கப் போனைத் திறக்க வேண்டும்.

அண்ணன் விரலை வைத்தால் திறக்கிற போன் அது. விரல் போய்விட்டதால் ஆறு இலக்க எண் கேட்டது. பேத்தி பிறந்த நாள் போட்டுப் பார்த்தோம். ஸ்கூட்டர் நம்பர் போட்டுப் பார்த்தோம். "கல்யாண நாளா இருக்கும் தம்பி, போடுங்க" என்றார் அண்ணி, கொஞ்சம் நிச்சயத்தோடு. போட்டேன். இல்லை. அண்ணியின் முகம் லேசாக வாடியது. நான் கவனிக்காத மாதிரி சார்ஜரைச் சரி செய்தேன்.

என் அப்பா இறந்தது எண்பதுகளில். அவர் விட்டுப்போனது ஒரு தகரப் பெட்டி. அதில் ஒரு பாஸ்புக், இரண்டு பாலிசி பத்திரம், பட்டா நகல். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம். ஆறேழு மாதம் கழித்து ஒரு பழுப்புக் கவரில் டிவிடெண்டு வாரண்ட் வந்தது. அப்பா எங்களிடம் சொல்லாமல் ஐம்பது ஷேர் வாங்கி வைத்திருந்த விஷயத்தை எங்களுக்குச் சொன்னவர் தபால்காரர். அந்தக் காலத்தில் மனிதர் மறைந்தாலும் அவர் பெயருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கும். வாசலில் விழும். வீட்டில் யாராவது பிரிப்பார்கள்.

இப்போது வாசலில் ஒன்றும் விழுவதில்லை. பேங்க் ஸ்டேட்மெண்ட், மியூச்சுவல் ஃபண்டு கணக்கு, இன்ஷூரன்ஸ் ரசீது எல்லாம் இறந்தவருடைய மெயில் பெட்டிக்குள் போய் விழுகின்றன. ஒழுங்காக, மாதம் தவறாமல். அதனால் நிறையப் பேர் நினைக்கிற மாதிரி பாஸ்வேர்டு தெரியாதது பெரிய பிரச்னை அல்ல. எத்தனை பூட்டு, எங்கெங்கே தொங்குகிறது என்றே தெரியாததுதான் பிரச்னை. பூட்டு எங்கே என்று தெரிந்தால் சாவி இல்லாவிட்டாலும் டெத் சர்ட்டிபிகேட், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கொடுத்து, நாலு முறை நடந்தாவது திறந்துவிடலாம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் ஒரு கணக்கு சொல்கிறேன். பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டுகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் உள்ள ஒரு நிதிக்கு மாற்றிவிட வேண்டும். 2014-லிருந்து இந்த ஏற்பாடு. 2024 மார்ச் கடைசியில் அந்த நிதியில் சுமார் 78,000 கோடி ரூபாய் சேர்ந்திருந்தது. பணம் எங்கும் போய்விடாது, உரியவர் வந்து கேட்டால் கிடைக்கும். கேட்பதற்கு அப்படி ஒன்று இருப்பது தெரிய வேண்டுமே! இதைத் தேடிப் பார்ப்பதற்கென்றே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்று ஓர் இணையதளம் திறந்தது. பெயரையும் பான் எண்ணையும் கொடுத்துப் பார்க்கலாம். உங்கள் தாத்தா பெயரைக்கூடப் போட்டுப் பாருங்கள். பான் எண் இல்லையென்றால் பிறந்த தேதி போதும்.

அண்ணன் விஷயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது, நீங்கள் நம்ப மாட்டீர்கள், வருமான வரித்துறை. இறந்த பிறகும் அந்த வருஷத்துக்கான ரிட்டர்னை வாரிசு தாக்கல் செய்தாக வேண்டும். எமனிடம் கணக்கு முடிந்தாலும் இவர்களிடம் பாக்கி இருக்கும். அதற்காக அவர்கள் தளத்தில் அண்ணியைச் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்தோம். உள்ளே போனால் ஆண்டுத் தகவல் அறிக்கை என்று ஒன்று. எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது, எந்தக் கம்பெனி எவ்வளவு டிவிடெண்டு கொடுத்தது, எல்லாம் வரிசையாக. அண்ணிக்குத் தெரிந்த வங்கிகள் இரண்டு. அறிக்கையில் மூன்று இருந்தன. மூன்றாவதைப் பார்த்ததும், "இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார். சொல்லக்கூடாது என்பதல்ல. சொல்ல ஒரு நாள் வாய்க்கவில்லை.

இதற்கிடையில் மருமகப்பிள்ளை ஒரு காரியம் செய்யப் பார்த்தார். "மாமா நம்பருக்கு மாசா மாசம் எதுக்கு தண்டம்? சரண்டர் பண்ணிடலாம்" என்றார். நல்லவேளை, தடுத்தேன். நம் ஊரில் எல்லாக் கதவுக்கும் ஓடிபி வருவது அந்த ஒரு நம்பருக்குத்தான். அதை விட்டுவிட்டால் சில மாதங்களில் அதே நம்பர் வேறு யாருக்கோ போய்விடும். யாரோ ஒரு புண்ணியவானுக்கு அண்ணனின் ஓடிபிகள் வரும். எனவே எல்லாம் முடியும்வரை ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின் நம்பர் தெரிந்திருந்தாலும் இறந்தவருடைய கணக்கிலிருந்து செல்போனில் பணத்தை மாற்றாதீர்கள். அது இப்போது எல்லா வாரிசுகளுக்கும் உரிய சொத்து. வங்கிக்குத் தெரிவித்து முறைப்படி வாங்குங்கள். பின்னால் தம்பியோ தங்கையோ ஸ்டேட்மெண்டை நீட்டிக் கேள்வி கேட்டால் உறவே முறிந்துவிடும்.

நாமினி போட்டாயிற்றே என்கிறீர்களா? நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள். பொதுவாகச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். சுப்ரீம் கோர்ட் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் 1984-லும், ஷேர் விஷயத்தில் 2023-லும் இதைத்தான் சொன்னது. வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பரிலிருந்து நாலு நாமினி வரை போடலாம். போடுங்கள். கூடவே உயிலும் எழுதுங்கள். உயில் காகிதத்தில்தான் எழுத வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களை ஏற்றுக்கொண்டபோது உயிலை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது. கையெழுத்து, இரண்டு சாட்சி. அதில் பாஸ்வேர்டுகளை எழுதிவைக்காதீர்கள். உயிலை நாளைக்குப் பத்துப் பேர் படிப்பார்கள்.

பணம் ஒரு பக்கம். கடிதம், போட்டோ இதெல்லாம் யாருக்கு? அமெரிக்காவில் ஜஸ்டின் எல்ஸ்வொர்த் என்ற ராணுவ வீரர் 2004 நவம்பரில் இராக்கில் இறந்தார். மகனுடைய மெயில்களை அப்பா கேட்டார். யாஹு மறுத்தது. 2005-ல் மிச்சிகன் கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் கொடுத்தார்கள். ஜெர்மனியில் இன்னும் வேதனை. 2012-ல் பெர்லினில் 15 வயசுப் பெண் ரயிலில் அடிபட்டு இறந்தாள். விபத்தா, தற்கொலையா என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும். அம்மாவிடம் பாஸ்வேர்டு இருந்தது. ஆனால் ஃபேஸ்புக் அதற்குள் அந்தப் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றிப் பூட்டியிருந்தது. பெட்டியில் இருக்கும் கடிதமும் டைரியும் வாரிசுக்குப் போகும்போது இது மட்டும் ஏன் போகக்கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018 ஜூலையில். ஒரு தாய்க்கு ஐந்தரை வருஷக் காத்திருப்பு.

இவ்வளவு வழக்குகளுக்கு அப்புறம் கம்பெனிகளே வழி செய்திருக்கின்றன. நாம்தான் பார்ப்பதில்லை. கூகுளில் 2013-லிருந்து ஒரு வசதி. மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம்வரை ஒரு கெடு குறித்துவிடலாம். அந்தக் கெடுவரை நீங்கள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை என்றால் முதலில் உங்களைத் தேடுவார்கள். பதில் இல்லையென்றால் நீங்கள் குறித்துவைத்த ஆட்களுக்குத் தகவல் போகும். பத்துப் பேர்வரை சொல்லலாம். மெயில் வேண்டாம், போட்டோ மட்டும் என்றுகூடப் பிரித்துக் கொடுக்கலாம். (சிலருக்கு இது மிகவும் முக்கியம். யார் என்று கேட்காதீர்கள்.) ஃபேஸ்புக்கில் 2015-லிருந்து, ஆப்பிளில் 2021-லிருந்து இதே மாதிரி ஒருவரை நியமிக்கலாம். ஆப்பிளில் அவரிடம் ஒரு சாவி எண்ணும் இருக்க வேண்டும், டெத் சர்ட்டிபிகேட்டும் வேண்டும். தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் இரண்டு வருஷம் யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதியை மாற்றிவிட்டது.

அண்ணன் ஃபேஸ்புக்கில் ஒருவரையும் நியமிக்கவில்லை. தை மாதம் அவர் பிறந்த நாள் வந்தது. பதினான்கு பேர் 'நீடூழி வாழ்க' என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் கேக் படம் போட்டிருந்தார்.

செல்போன் இன்னும் திறக்கவில்லை. வங்கிகள் மூன்றும் ஒருவழியாக முடிந்துவிட்டன, பாலிசியும் கிடைத்துவிட்டது. ஆனால் போன வாரம் அண்ணி சொன்னார்: "பணம் வந்துடுச்சு தம்பி. அந்தப் போன்ல நான் பாடினது இருக்கு. சமையல் ரூம்ல பாடிட்டிருந்தப்போ எனக்குத் தெரியாம எடுத்திருக்கார். ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டினார்." எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். என் மனைவியைக் கூப்பிட்டு, "உக்காரு. நான் போயிட்டா எதெது எங்கே இருக்குன்னு சொல்றேன்" என்றேன். "வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் மறுபடி ஆரம்பித்தேன். சனிப் பிணம் தனிப் போகாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பையன் போன் செய்து, "அப்பாக்கு உடம்பு ஏதாவது சரியில்லையாம்மா?" என்று அவளிடம் ரகசியமாக விசாரித்தான்.

திங்கட்கிழமை நானே தனியாக உட்கார்ந்து எழுதினேன். வங்கி, கிளை, லாக்கர், பாலிசி, ஃபண்டு, மாதாமாதம் தானாகக் கழிகிற தொகைகள், மெயில் முகவரி. பாஸ்வேர்டுகள் கிடையாது, அவை மாறிக்கொண்டே இருக்கும். போனைத் திறக்கும் எண்ணை மட்டும் தனிக் கவரில் போட்டு ஒட்டினேன். நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போய் மஞ்சள் எடுத்து வந்து நாலு மூலையிலும் தடவினாள். பிறகு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னோடதையும் எழுதிக்குங்க."

"உன்னோடதா? என்ன இருக்கு?"

நகைக்கடைச் சீட்டு ஒன்று, ஆப்பில் கட்டுகிறாள். ஒரு ஆர்.டி., நாலு வருஷமாக. தங்கையோடு சேர்ந்து ஏதோ ஃபண்டு. எனக்கு எதுவுமே தெரியாது. அவளுக்கு முன்னால் நான்தான் போவேன் என்று எந்த ஜோசியரும் எனக்கு எழுதித் தரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"போன் நம்பர்? திறக்கிற நம்பர்?"

"நம்ம கல்யாண நாள்தான்."

(இந்த இதழ் அச்சாவதற்குள் மாற்றிவிட்டாள்.) பேனாவை எடுத்தேன். தேதி எழுதினேன், மாதம் எழுதினேன். வருஷத்தில் ஒரு நொடி தயங்கிவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.