டோனாவூர்ச் செம்மண்

களக்காட்டிலிருந்து டோனாவூருக்குப் போகும் பாதையில் வாழைத்தோட்டங்களும், மேற்கே கூடவே வரும் மலையும்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். கோடை விடுமுறைகளில் பெரியம்மை என்னை அங்கே கூட்டிப்போவாள். ஊருக்குப் பெயர் தந்தவர் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் ஆலயம் கட்டப் பணம் அனுப்பிய ஜெர்மானியப் பிரபு டோனா. ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு டோனாவூர் என்றாலே ஏமி கார்மைக்கேல் அம்மையார்தான்.

அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்தவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளுக்கும், போக்கிடமற்ற பிள்ளைகளுக்கும் அங்கே வீடு அமைத்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. சுகத்துக்காக எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். பழைய பெலன் திரும்பவே இல்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழிந்தன. படுக்கையிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். ஒரு நோயாளி மற்ற நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களும் அவற்றில் உண்டு. நலமாக இருப்பவர்கள் எழுதும் ஆறுதலைவிட இந்தக் கடிதங்களுக்குக் கனம் அதிகம் என்பது என் எண்ணம்.

பெரியம்மைக்கு முடக்குவாதம். விரல்கள் வளைந்து போனதால், கீர்த்தனைப் புத்தகத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கித்தான் பிடிப்பாள். பக்கம் திருப்புவது என் வேலை. "ஒனக்கு விசுவாசம் பத்தல, அதான் சொகமாகல" என்று உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் கொஞ்ச காலம் சத்தம் போட்டு ஜெபிப்பதையே விட்டிருந்தாள்.

அம்மையாரின் அடக்கத்தலத்தில் கல்லறைக்கல் கிடையாது. வேண்டாமென்று அவரே சொல்லியிருந்தார். பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பிள்ளைகள் வைத்தார்கள். தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல் மட்டும் அதில் உண்டு. அதன் முன்னால் நின்று பெரியம்மை சொன்னாள்: "அம்மைக்கும் சொகம் கெடைக்கல, பாத்தியால." குரலில் துக்கமே இல்லை. பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடச் சொல்லி அப்போஸ்தலன் பவுல் மூன்று முறை கேட்டும் அது நீங்காத கதையை, ஊர் திரும்பும்போது பஸ்ஸிலேயே எனக்குச் சொன்னாள்.

அதற்கப்புறம் அவள் சும்மா இருக்கவில்லை. ஆராதனை முடிந்ததும், கோயிலுக்கு வர முடியாமல் கிடப்பவர்களின் வீடுகளுக்கு மெல்ல நடந்து போவாள். புத்தி சொல்ல மாட்டாள். கட்டிலோரம் உட்கார்ந்து, வலி எங்கே என்று கேட்பாள். கடைசியில் சின்னதாக ஒரு ஜெபம். கோபக்காரி என்று பேரெடுத்திருந்தவளை ஊர் தேடத் தொடங்கியது அந்த வருஷங்களில்தான்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களே, தயவுசெய்து அவர்கள் விசுவாசத்தை அளக்காதீர்கள். வலி எங்கே என்று முதலில் கேளுங்கள்.