தூரம் எந்தத் துறை?

என் அம்மா மீன் ஆய்கிறவர். சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் வாங்கிய மீனைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குச் செதில் சுரண்டி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அவர் உட்காரும் இடம் நான்கடிக்கு மூன்றடிதான் இருக்கும். ஒரு மரக்கட்டை, ஒரு அரிவாள்மணை, ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த இடத்தில் அதற்கு முன் என் ஆயா உட்கார்ந்திருந்தார். ஆயாவிடமிருந்து அம்மாவுக்கு வந்த ஒரே சொத்து அதுதான். அதற்குப் பட்டா கிடையாது, ரசீது கிடையாது. பத்து நாள் போகாமலிருந்தால் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார்.

நாங்கள் அப்போது கூவம் கரையில் இருந்தோம். வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு எட்டு நிமிட நடை. அம்மா நாலரைக்கு எழுந்து, உலை வைத்துவிட்டு ஐந்து மணிக்கு மார்க்கெட்டில் இருப்பார். ஏழரைக்கு ஓடி வந்து எனக்கும் தங்கைக்கும் தலை பின்னிவிட்டுத் திரும்பவும் ஓடுவார். எங்கள் தலையில் எப்போதும் லேசாக மீன் வாசம் அடிக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காக நாங்கள் பட்ட அவமானம் தனிக்கதை.

நான் பன்னிரண்டாம் வகுப்பும் தங்கை எட்டாம் வகுப்பும் படித்துக்கொண்டிருந்த ஆண்டின் நடுவில் எங்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. லாரியில் சாமான்களை ஏற்றி, ஊரின் தெற்கு எல்லைக்குப் போனோம். இருபது கிலோமீட்டர் வாக்கில் இருக்கும்.

இந்த இடப்பெயர்வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயோ அதற்குப் பக்கத்திலேயோ மாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. மெரினாவை ஒட்டி வரிசையாக நின்ற அந்தப் பழைய பிளாக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலில் தொழில் செய்கிறவர் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். 2000க்குப் பிறகு கண்ணகி நகர் வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்குப் போகும் லாரிகள் அதிகமாயின. கூவத்தைச் சீரமைக்கும் திட்டத்தில் மட்டும் 14,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கரையிலிருந்து மாற்றப்பட வேண்டியவை என்று கணக்கிடப்பட்டன. வாரியத்தின் பெயரும் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குடிசை என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து போய்விட்டது.

எங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை என்று நான் எழுத மாட்டேன். அது பொய். ஒதுக்கீட்டு ஆணை அம்மா பெயரில் வந்தது. ரேஷன் கார்டு அப்பா பெயரில், மின் இணைப்பு பக்கத்து வீட்டுக்காரர் பெயரில், குடிசை யார் பெயரிலும் இல்லை என்றிருந்த எங்கள் வாழ்க்கையில் அம்மாவின் பெயரைத் தாங்கி வந்த முதல் காகிதம் அது. அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கட்டில் மெத்தைக்கு அடியில் வைத்தார். குடித்துவிட்டு வந்து “என் வூட்ட வுட்டு வெளிய போடி” என்று அப்பா கத்தும் வழக்கம் அதோடு நின்றது. ஒருநாள் அந்த வாக்கியத்தை அவர் பழக்கதோஷத்தில் தொடங்க, அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, “யாரு வூடு?” என்று கேட்டார். அப்பா வாக்கியத்தை முடிக்கவில்லை.

இன்னொன்று, கழிப்பறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் கதவோடு, வீட்டுக்குள்ளேயே. இருட்டுவதற்காகக் காத்திருந்து, தண்ணீர் குடிக்காமல் பகலை ஓட்டிய பெண்களுக்குத்தான் அந்தத் தாழ்ப்பாளின் அருமை தெரியும். “இந்தத் தாப்பாவுக்காகவே இங்க இருக்கலாம்டி” என்று அம்மா முதல் வாரத்தில் சொன்னார்.

இரண்டாவது வாரத்தில்தான் தூரம் தெரிய ஆரம்பித்தது.

ஐந்து மணிக்கு மார்க்கெட்டில் இருக்க வேண்டுமானால் மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் நிறுத்தத்துக்குப் பேருந்து கிடையாது. அம்மாவும் எங்கள் பிளாக்கிலிருந்து பூ, காய்கறி வேலைகளுக்குப் போகிற மூன்று பெண்களும் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசினார்கள். போவதற்கு ஆளுக்கு நூறு ரூபாய். மீன் வரத்துக் குறைவான நாளில் அம்மாவின் வருமானமே முந்நூறைத் தாண்டாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்றானது. திரும்பி வரும் செலவு மிச்சமாயிற்று. அதை அம்மா இன்றும் நன்றியோடுதான் சொல்வார். ஆனால் விடியலுக்கு முன் கிளம்பும் அவருக்கு அது பாதி வழிக்குத்தான்.

பக்கத்திலேயே வேலை தேடலாமே என்று கேட்கலாம். தேடினார். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். இந்நகரத்தின் வளர்ச்சி என்று படம் போடுகிறபோது அந்தக் கட்டடங்களைத்தான் போடுகிறார்கள். அங்கே துப்புரவுப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அம்மா போனார். காண்டிராக்டரின் ஆள் முகவரியைக் கேட்டார். சொன்னதும், “அந்த ஏரியாவா? சொல்லி அனுப்பறோம்” என்றார். சொல்லி அனுப்பவில்லை. கையில் முகவரியே இல்லாதபோது அம்மாவுக்கு வேலை இருந்தது. முகவரி வந்ததும் அதுவே வேலைக்குத் தடையாக இருந்தது.

ஆக, அம்மா மார்க்கெட்டை விடவில்லை. ஆயாவின் இடம் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், வேறு வழியின்மை மறுபக்கம். மூன்றரைக்கு அம்மா கிளம்பினால் காலைச் சமையல் யார் செய்வது? விட்டுவிட்டு வரும் தண்ணீரை யார் பிடிப்பது? நான் அந்த வருடத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டேன். தங்கை ஒன்பதாம் வகுப்பில் பாதி நாள் போனாள், பாதி நாள் போகவில்லை. பத்தாம் வகுப்புக்குப் போகவே இல்லை. அவளை யாரும் நிறுத்தவில்லை. ஒருநாள் தண்ணீர் தாமதமாக வந்தது, ஒருநாள் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, ஒருநாள் பள்ளி வாசலைப் பூட்டிவிட்டார்கள். இப்படி ஒவ்வொரு நாளாக நின்றுபோனாள்.

நான் பட்டம் வாங்கியதை எங்கள் பிளாக்கில் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பட்டத்தில் என் தங்கையின் இரண்டு வருடங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இருபது கிலோமீட்டர் தூரத்தை எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் சுமக்க வேண்டியிருந்தது. பதின்மூன்று வயதுப் பெண் கையில் அது போய்ச் சேர்ந்தது. வீடு கட்டியவர்களின் கணக்கில் இந்தச் செலவு எங்கும் ஏறவில்லை.

கல்லூரியில் சென்னையின் வரலாறு படித்தபோது சிந்தாதிரிப்பேட்டையைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன். அது தானாக வளர்ந்த பேட்டை இல்லை. 1734இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களை வரவழைத்து, கூவத்தின் வளைவில் நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. தறி ஓர் இடத்திலும் நெய்கிறவர் வேறோர் இடத்திலும் இருந்தால் துணி வராது என்று அதற்குத் தெரிந்திருந்தது. தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. நூல் நூற்கும் பெண்ணின் கையும் அங்கேயே இருந்தது. கம்பெனியின் கருணைக்கு இதைச் சான்றாகச் சொல்லவில்லை. லாபம் மட்டுமே பார்த்த வியாபாரிகளுக்கும் வீடும் வேலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது புரிந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பாரம்பரியம் என்றால் நமக்குக் காட்டப்படுவது கட்டடங்கள். 1913இல் திறக்கப்பட்ட வெள்ளை ரிப்பன் மாளிகைக்கு விளக்கு போடுகிறார்கள். பக்கத்திலிருக்கும் விக்டோரியா பொது மண்டபத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். செய்யட்டும், அவை அழகான கட்டடங்கள்தான். மூன்று தலைமுறை மீன் ஆய்ந்த ஒரு கல்தரையின் நான்கடி இடத்தை எந்தப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பது? கண்ணகி நகரின் சுவர்களில் 2020இல் பெரிய பெரிய முகங்களை வரைந்தார்கள். பெண் முகங்களும் உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து படமெடுத்தார்கள். தங்கையோடு போய்ப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அவள் அண்ணாந்து வெகு நேரம் பார்த்துவிட்டு, “இவ்ளோ பெருசா வரைஞ்சா கூட நம்பள அடையாளம் தெரியல பாரேன்” என்றாள்.

ரிப்பன் மாளிகையின் பெயருக்குரிய ரிப்பன் பிரபு 1882இல் உள்ளாட்சிக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். அதற்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. நகராட்சிகளுக்குரியவை என்று பதினெட்டுப் பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல், குடிநீர், குடிசைப் பகுதி மேம்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016இல் சட்டமாயிற்று. 2022 தேர்தலில் சென்னையின் 200 வார்டுகளுக்கும் அப்படித்தான் உறுப்பினர்கள் வந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாள் அன்று, நகரங்களில் பகுதி சபாக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று.

பிறகு நடந்த ஒரு கூட்டத்துக்கு அம்மாவையும் தங்கையையும் அழைத்துப் போனேன். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக். எங்கள் பகுதியில் நடந்த வேலைகளை வாசித்தார்கள். இத்தனை தெருவிளக்கு, இத்தனை மீட்டர் சாலை, இத்தனை மீட்டர் வடிகால். வாசித்தவை எல்லாம் உண்மை. விளக்குகள் எரிவதை நானே பார்த்தேன்.

அம்மா எழுந்தார். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அரிவாள்மணைக் கட்டையைப் பிடிப்பதுபோல் இரு கையாலும் பிடித்துக்கொண்டார். “மேடம், காலைல மூணரைக்கு ஒரு பஸ்ஸு விட்டா நாலு பொம்பளைங்க பொழச்சிப்போம்.”

கவுன்சிலரும் பெண்தான். முதல்முறை வென்றவர். பொறுமையாகவே பதில் சொன்னார். “அக்கா, பஸ் நம்ம கையில இல்ல. அது போக்குவரத்துக் கழகம். எழுதிப் போடறேன்.” அடுத்து ஒருவர் வீட்டின் கிரயப் பத்திரம் கேட்டார். அது வாரியம். தண்ணீர் கேட்டார்கள். அது குடிநீர் வாரியம். அங்கன்வாடி, அது வேறு துறை. ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன பதில் சரியான பதில்.

அப்போது பின்வரிசையிலிருந்து தங்கை கேட்டாள். மைக் இல்லாமலே கேட்டது. “அப்ப இந்தத் தூரம் எந்த டிபார்ட்மென்ட்டு மேடம்?”

சிலர் சிரித்தார்கள். கவுன்சிலர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது எங்களிடம் வந்தார். “நானும் யோசிச்சுப் பாத்தேன். தெரியலம்மா” என்றார். மறைக்காமல் சொன்னார் என்பதால் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

அன்றிலிருந்து நான் யோசிப்பது இதுதான். பாதி நாற்காலிகள் நமக்கு வந்துவிட்டன. அதற்காகப் போராடியவர்களை நினைத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் வந்து உட்கார்ந்தபோது, அந்த மேசையிலிருந்த முக்கியமான கோப்புகள் வேறு வேறு அறைகளுக்குப் போயிருந்தன. வீடு ஓர் அறையில், பேருந்து ஓர் அறையில், தண்ணீர் இன்னோர் அறையில். இவை மூன்றும் சேர்ந்து ஒரே காலைப்பொழுதாக இருப்பது ஒரு பெண்ணின் சமையலறையில் மட்டும்தான். அதனால் முன்னேற்ற அறிக்கை வாசிக்கப்படும்போது வீடுகளின் எண்ணிக்கையைக் கேட்டு நிறுத்திவிடாமல், அந்த வீட்டிலிருந்து வேலைக்கு எவ்வளவு நேரம், பள்ளிக்கு எவ்வளவு நேரம், முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று நாம் கேட்க வேண்டும். வாக்கு கேட்டு வருகிறவர்களிடமும் கேட்க வேண்டும்.

கூட்டக் குறிப்பில் அம்மாவின் கோரிக்கையை எழுதினார்களா என்று போய்ப் பார்த்தேன். எழுதியிருந்தார்கள். “அதிகாலைப் பேருந்து – தொடர்புடைய துறைக்கு அனுப்பலாம்.” தங்கையின் கேள்வி அதில் இல்லை. அவளிடம் சொன்னேன். “அடுத்த மீட்டிங்குல மைக்ல கேக்கறேன்” என்றாள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறாள். அதுவும் அம்மாவின் காகிதத்தோடு மெத்தைக்கு அடியில் இருக்கிறது.

பேருந்து இன்னும் வரவில்லை. இன்றும் மூன்றரைக்கு ஆட்டோவின் ஹாரன் கேட்டது.